பி.டி. பீரியடில் வாளி

தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சுவர் எழுப்புகிறார்கள். ஈரச் சிமென்ட் வாசனைக்கு நின்றுவிட்டேன். எங்கள் கத்தோலிக்கப் பள்ளி புதிதாகத் தொடங்கியிருந்தபோது, கட்டடம் இல்லாமல் அங்கீகாரம் கிடைக்காது, அங்கீகாரம் இல்லாமல் முதல் செட் பையன்கள் பத்தாவது பரீட்சை எழுத முடியாது என்பதால், கீற்றுக் கொட்டகையில் படித்த நாங்கள் பி.டி. பீரியடில் பந்தைத் தொடாமல் தினமும் வாளி வாளியாகப் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

"ஃபாதர், படிக்க வந்தோமா, சித்தாள் வேலைக்கா?" என்றான் சேவியர்.

"சுவர் வெடிச்சா பரீட்சை இல்லடா. ஊத்து," என்றார் தலைமையாசிரியர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் ஊற்றினார்.

கூரை போட்டதும் அதிகாரிகள் பார்த்து அங்கீகாரம் கொடுத்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பெஞ்சு வந்தபோது நாங்கள் பரீட்சை எழுதி வெளியேறியிருந்தோம். போன வருஷம் அதை இடித்துவிட்டார்கள். உள்ளே நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.