என் மகன் பெயரில் ஓர் இயந்திரம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வெல்டிங் பட்டறையில் தரை கூட்டத்தான் டெல்லிக்கு வந்தேன். இன்று இந்த ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் படுத்திருக்கும் இரும்புக் கட்டில் என் பட்டறையில் வளைத்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் காத்து நின்றிருக்கிறார்கள். யாரிடமும் போய் நான் எதையும் கேட்டதில்லை. மகனுக்காகத்தான் முதல் தடவை கேட்டேன்.

அவன் ராணுவத்தில் ஹவில்தார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து வலது தோளில் நரம்புகள் அறுந்துபோயின. ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு கூடியது, கை வரவில்லை. பிழியாத துண்டு மாதிரித் தொங்கியது. சட்டைப் பொத்தானை அவன் அம்மா போட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வயது.

லோதி ரோடு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், இப்படி அடிபட்ட சிப்பாய்களுக்கென்றே ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. கையை இயந்திரத்துக்குள் பொருத்துவார்கள். நரம்பில் துளி உயிர் எழுந்தாலும் அது கண்டுபிடித்து, விரலை மடக்கி நீட்டிப் பழக்கும். நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. தமிழ்ப் பெண், டெல்லியிலேயே பிறந்தவர்.

"மிஷின் ஒண்ணுதான் இருக்கு அங்கிள். கிராண்ட் அவ்வளவுதான் வந்துச்சு. இன்னொண்ணு இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கவங்கள எடுத்துக்கலாம். உங்க பையன் அதுல ஃபர்ஸ்ட்."

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குள் சேர வேண்டும் என்று விதி. அவனுக்கு நான்கு மாதம் மிச்சம் இருந்தது.

"அந்த இன்னொண்ண நான் வாங்கித் தர்றேம்மா" என்றேன்.

"அச்சா? ரொம்பப் பெரிய அமவுண்ட் அங்கிள்."

"மாடி வார்டுல கட்டில் எல்லாம் யாரோடதுன்னு நெனைக்கிறீங்க?"

அவர் சிரித்தார். "அப்படின்னா பொது நிதியில போட்டுடுங்க. எதுக்குச் செலவு பண்றதுன்னு கமிட்டி முடிவு பண்ணட்டும். அதான் சுத்தம்."

"பேரில்லாம குடுக்க, நான் என்ன திருட்டுப் பணமாம்மா குடுக்கேன்?"

மறுநாள் ஆபீஸுக்கு நானே போனேன். டாக்டரம்மா அன்று ஊரில் இல்லை. கிளார்க் நன்கொடைப் பாரத்தை வைத்துக்கொண்டு, கொடுப்பவர் பெயர் என்ன என்று இந்தியில் கேட்டார். நான் மகன் பெயரைச் சொன்னேன். கோயிலில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று விளக்கோ மணியோ வாங்கிக் கொடுத்தால், யார் பெயரில் கொடுப்போம்? படுத்திருப்பவர் பெயரில்தானே. பலன் அவரைச் சேர வேண்டாமா? பழக்கத்தில் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். கிளார்க் தலை நிமிர்ந்து, "நக்ஷத்திர்? உஸ்கா காலம் நஹீ ஹை, பாபுஜி" என்றார், அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை என்று. இரண்டு பேரும் சிரித்தோம். பாரம் இங்கிலீஷில் இருந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதற்காகவே பழகியது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகனிடமும் ஒப்பம் வாங்கினேன். அப்பா நீட்டிய காகிதம் என்று இடது கையால் கிறுக்கிக் கொடுத்தான்.

இயந்திரம் வர இரண்டு மாதம் ஆனது. வந்த அன்று பட்டறையிலேயே பித்தளைத் தகடு வெட்டி, தமிழில் 'உபயம்' என்று பொறித்து, கீழே மகன் பெயரையும் பொறித்து, நானே நான்கு திருகு போட்டு மாட்டினேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். கமிட்டியிலிருந்து திரும்பி வந்த அந்தப் பாரம் மேஜையில் இருந்தது.

"என்ன அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க? டோனரும் பேஷண்டும் ஒரே ஆளுன்னா கமிட்டி விடாது. காசு குடுத்து சீட் வாங்கின மாதிரி ஆயிடும். அவர எடுத்தா மொத்த ஸ்டடியையும் நிறுத்திடுவாங்க."

"பேர மாத்திருவோம்."

"எழுதிப் போட்டேன். ஒத்துக்கல."

"மிஷினத் திருப்பி அனுப்புங்க. எனக்குக் காசு வேண்டாம்."

"அப்பவும் ரெக்கார்டுல இருக்கும் அங்கிள். மிஷின் போனா மத்தவங்களுக்கும் இல்லாம போயிடும்."

நான் யார் யாரையோ பார்த்தேன். கட்டில் வாங்கியவர்கள் எல்லாரும் டீ கொடுத்தார்கள். டாக்டரம்மா மேலும் இரண்டு முறை எழுதிப் பார்த்தார். நான்கு மாதம் முடிந்தது. அவன் அம்மா, "நட்சத்திரம் வரைக்கும் சொன்னீகளே, ஒருத்தர்ட்ட கேக்கத் தோணலயா?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாதாரணப் பயிற்சிக்கு மகன் அதே கட்டடத்துக்குத்தான் போகிறான். ஒரு நாள் கூடப் போனேன். கதவு திறந்திருந்தது. பீகார்ப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் எங்கள் இயந்திரத்தில் கையை வைத்திருந்தான். தகட்டைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று மகனைக் கேட்டான்.

"மேரா நாம் ஹை, பாய்" என்றான் மகன், என் பெயர்தான் என்று.

சிப்பாய் சிரித்தான். இங்கே பார் என்பது போலத் தாடையால் கீழே காட்டினான். அவன் சுட்டுவிரல் மெதுவாக மடங்கி, நின்று, நீண்டது. மகன் "ஷாபாஷ்" என்று இடது கையால் தொடையில் தட்டினான். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. தகட்டில் ஒரு திருகு தளர்ந்திருந்தது மட்டும் கண்ணில் பட்டது. பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்து, அதன் விளிம்பால் முடுக்கினேன்.

"விடுங்கப்பா, வாங்க. ஆட்டோ நிக்குது."

ஆட்டோவில் அவன் வலது கை சீட்டிலிருந்து சரிந்து தொங்கியது. எடுத்து அவன் மடியில் வைத்தேன். வண்டி குலுங்கியதில் மறுபடி சரிந்தது. மறுபடி எடுத்து வைத்தேன்.