வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பாக்கெட்

என் கணவர் இறந்த பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு திருப்பருத்திக்குன்றத்தில் தனியாகக் குடியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் ஆபீசுக்குக் காலை ஏழு மணிக்கே கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். பேச்சுத்துணை என்றால் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரம்மா ஒருவர்தான். சமணர். ராத்திரியில் வந்து வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்குச் சோறே வெறுத்துப்போயிருந்தது. என் வீட்டில் யாராவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டார்களா என்று ஏங்கினேன்.

நான் சமைத்ததை அவர் தொடமாட்டார். என் பாத்திரங்களில் வெங்காயம் புழங்குகிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் மளிகைக் கடைக்குப் போனேன். பாக்கெட்டுகளில் பச்சைப் புள்ளி வந்த புதிது. புள்ளி இருந்தால் சைவம், சரி. இவருக்குத் தேனும் ஆகாது, கிழங்கும் ஆகாதே. பச்சைப் புள்ளி போட்ட பிஸ்கட்டில் தேன் இருந்தது. இன்னொன்றில் உருளைக்கிழங்கு மாவு. இன்னும் புள்ளி போடாத வேறொன்றில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் 'எமல்சிஃபையர்' என்று போட்டு ஓர் எண். அது மாட்டிலிருந்து வந்ததா மரத்திலிருந்து வந்ததா என்று அச்சடித்தவனுக்காவது தெரியுமோ என்னவோ. கடலை மிட்டாயைக் கையில் எடுத்துவிட்டு, வேர்க்கடலையும் மண்ணுக்கடியில்தானே விளைகிறது என்று பயந்து திரும்ப வைத்தேன்.

"இன்னாம்மா, பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் பொரி உருண்டை கிடைத்தது. லேபிளில் பொரி, வெல்லம் என்று இரண்டே சாமான். அப்பாடா என்றிருந்தது.

அன்று விளக்கேற்றிய பிறகு வீட்டுக்காரம்மா வந்தார். வற்புறுத்தி உள்ளே உட்காரவைத்து பாக்கெட்டைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்குது. ஆனா பொழுது சாஞ்சிடுச்சே. இதுக்கு மேல நாங்க எதுவும் சாப்புட மாட்டோம். நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போய்ட்டு வந்து எடுத்துக்கறேன்."

அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவர் சாப்பிடாத நேரம். அடுத்த ஞாயிறு வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போன் செய்து, காய்ச்சல் என்று லீவு சொன்னேன். சொன்னபடியே அவர் வந்தார், உட்கார்ந்தார், ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தார். அந்த வீட்டில் இன்னொருவர் மெல்லுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.