கயிற்றின் மறுமுனையில் மச்சான்

சுழியோடிக்குக் கயிறு பிடிக்கிற வேலையில் கைக்கு அலுப்பில்லை, நெஞ்சுக்குத்தான் அலுப்பு. கடலுக்கு அடியில் ஒருவன் வேலை செய்வான். மேலே மிதவையில் ஒருவன், கீழே இருக்கிறவனின் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். அந்தச் சும்மா நிற்கிறவனாக நான் சில வருசம் பிழைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி விறாந்தையில் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு எப்போதாவது குந்தியிருந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்முடைய தொழில்காரர்தான்.

ராத்தா போட்ட நிபந்தனை

சூறாவளி வந்து எங்கள் சாய்ந்தமருதுக் கரையில் இருந்த தோணிகளை விறகாக்கிவிட்டுப் போயிற்று. கரைவலை இழுத்துப் பிழைத்தவர்களுக்கு இழுப்பதற்கு வலையும் இல்லை, வளைப்பதற்குத் தோணியும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பனி ஆள் ஊருக்கு வந்தார். கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து அணையும் இறங்குதுறையை நீட்டுகிறார்களாம். சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு முன்னைவிடப் பெரிய கப்பல்கள் வருகின்றனவாம், பழைய துறை போதவில்லையாம். தண்ணீருக்குப் பயப்படாத ஆட்கள் வேண்டும் என்றார். வயிறு காய்ந்து கிடந்ததால் நாங்கள் ஒரு கூட்டமே பயப்படாத ஆட்களாக மாறிப் பெயர் கொடுத்தோம்.

உண்மையாகவே பயப்படாதவர் எங்களில் ஒருவர்தான். என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை ஆதம்லெவ்வை மச்சான். கடலடியில் கல்லில் மாட்டிய வலையை மூச்சடக்கி இறங்கிக் கழற்றி வருகிறவர். அவரைச் சுழியோடியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம், மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். ஆகவே வாசற்படியில் நின்று உத்தரவு போடும் உரிமை ராத்தாவுக்கு முழுசாக உண்டு. பஸ்ஸுக்குப் புறப்பட்ட என்னை மறித்து, சோற்றுப் பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுச் சொன்னாள்: “அவர்ர கயிறு உன்ட கையிலதான் இரிக்கணும் தம்பி. வேற ஒருத்தன்ட கையில குடுத்தாயெண்டா இந்த வாசப்படிய மிதிக்காத.”

கறிக்கு மீன்

எங்கள் மேற்பார்வையாளர் சோமபால பாஸ். சிங்களவர், இளவயதில் எங்கள் அம்பாறைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் இருந்தவர். அதனால் தமிழை எங்களைப் போலவே கதைப்பார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லித் தந்தார். கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் சுகம். மூன்று இழுப்பு மேலிருந்து வந்தால் ஏறி வா, கீழிருந்து வந்தால் தூக்கு. மிதவையில் இருக்கிற கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறினால் ஆள் கீழே இருக்கிறான், எந்தக் கப்பலும் கிட்ட வரக்கூடாது. ஆள் ஏறிய பிறகு சிவப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினால் கப்பல் வரலாம். மச்சானுக்குப் பித்தளைத் தொப்பி ஒன்றை மாட்டித் திருகினார்கள். காற்றுப் பம்பின் சக்கரத்தை இரண்டு பேர் சுற்றத் தொடங்கினார்கள். மச்சான் பிஸ்மி சொல்வது தொப்பியின் கண்ணாடிக்குள் வாயசைவாகத் தெரிந்தது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரைவலை இழுக்கும்போது வழியால் போகிறவனும் கயிற்றில் கைவைத்து நாலு இழுப்பு இழுத்தால் கறிக்கு மீன் கிடைக்கும். ஆகவே ஒரு கயிறு விறைப்பதைக் கண்டால் சாய்ந்தமருதானின் கை சும்மா இருக்காது. மச்சான் கீழே இடம் மாறியிருப்பார் போல, கயிறு விறைத்தது. நான் தளர்த்திக் கொடுக்கப் போனேன். அதற்குள் துறையில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த நம்முடைய ஆட்கள் சீமெந்து அள்ளும் சவளைப் போட்டுவிட்டு மிதவைக்குத் தாவி, “ஏலோ ஏலேலோ” என்று பாட்டோடு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். விடுங்கடா என்று நான் கத்தினேன். அந்தப் பாட்டில் யாருக்குக் கேட்கும்? மச்சான் மூச்சு விடுகிற குழாய் தூணில் எங்காவது மாட்டினால் முடிந்தது. எனக்குக் கண் முன்னால் ராத்தாவின் வாசற்படி மட்டும் தெரிந்தது. அல்லாஹ்ட காவல், குழாய் மாட்டவில்லை. முழங்கால் உரசி ரத்தம் ஒழுக மச்சான் மேலே வந்தார். தொப்பியைக் கழற்றியதும் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் என்ன மீனாடா? கறிக்கு வேணுமெண்டா சந்தைக்குப் போங்கடா!”

பஸ்ஸுக்கு வராத வெள்ளைக்காரி

துறையை நீட்டுகிறோம் என்பதற்காகக் கப்பல்கள் வராமல் இருக்குமா? ஒரு பக்கம் நாங்கள் தூண் இறக்குவோம், மறுபக்கம் கப்பல் வந்து ஆட்களை இறக்கும். மேளம், நடனம், பூமாலை எல்லாம் நடக்கும். மச்சானுக்குப் பழைய துறையின் தூண்களுக்கு நடுவே வேலை வரும் நாட்கள்தான் எனக்கு மோசமான நாட்கள். வெளியில் என்றால் அவர் விடுகிற மூச்சு குமிழியாக வந்து வெடிக்கும். குமிழி வரும்வரை நமக்கும் மூச்சு வரும். தூண்களுக்கு அடியில் போய்விட்டால் குமிழியும் துறைக்கு அடியில் போய்விடும். வெறும் எண்ணெய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குச் சத்திர சிகிச்சை நடக்கையில் வெளியே நின்றவர்களுக்கு இந்தத் தண்ணீரைத் தெரியும்.

அப்படி ஒரு நாள், தொப்பி போட்ட வயதான வெள்ளைக்காரி ஒருத்தி துறையின் ஓரத்தில் வந்து நின்று என்னைப் படம் எடுத்தாள். கூட வந்த வழிகாட்டி நம்முடைய கொழும்புப் பொடியன். என்ன மீன் பிடிக்கிறீர்கள் என்று அம்மா கேட்கிறாள் என்றான். “எங்கட ராத்தாட மாப்பிள்ள எண்டு சொல்லுங்க” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை. படப்பெட்டியை மூடினாள். என் கையையும் கயிற்றையும் தண்ணீரையும் பார்த்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். சுற்றுலாப் பஸ் ஹோன் அடித்தது, மறுபடியும் அடித்தது. வழிகாட்டி போய் ஏதோ கெஞ்சினான், திரும்பி வந்து என்னிடம் முறையிட்டான்: “கூப்பிட்டா வாறாங்க இல்ல. அந்தாள் மேல வந்தாத்தான் பஸ்ஸுக்கு வருவாங்களாம்.”

எல்லாவற்றுக்கும் மேலே

அடுத்த லீவு கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்கு வாய்த்தது. மச்சானும் நானும் ஊருக்குப் போனோம். என் கை கெட்டுப்போயிருந்தது. கிணற்றடியில் பெஞ்சாதி தண்ணீர் அள்ளும்போது கயிற்றைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். உங்களுக்கு என்ன விசரா என்று கேட்டாள்.

ராத்தா பாதியாகிப் போயிருந்தாள். மச்சான் கொழும்புக்குப் போனதிலிருந்து கடல் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லையாம். படுத்தால் தூக்கம் இல்லையாம். கீழே எப்படி இருக்கும் என்று மச்சானிடம் கேட்டாள். “நம்முட கிணத்துக்குள்ள இறங்கின மாதிரித்தான்” என்று அவர் வெற்றிலையை மென்றார். அவள் அவரை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோழியைப் பார்த்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய், மருதமுனையில் நெய்வித்த பச்சைச் சீலை ஒன்றை ஓதி எடுத்துக்கொண்டு வந்தாள். கடலில் போகிறவர்களுக்காக எங்கள் பெண்கள் வைக்கிற நேர்ச்சை. சும்மா ஊதினாலே பறக்கிற மெல்லிய சீலை. மச்சானுடைய பெட்டியில் அதை மடித்து வைத்தாள். நாங்கள் பஸ் ஏறும்போதும் விடவில்லை: “நீங்க வேல செய்யிற எடத்தில உசரமாக் கட்டுங்க. எல்லாத்துக்கும் மேல நிக்கணும்.”

வெள்ளைக் கப்பல்

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். சத்தியமாக எங்களுக்கு விளங்கவில்லை. கம்பனி தந்த சிவப்பும் பச்சையும் எங்களுக்குக் கொடிகள். ராத்தா தந்தது கொடியே இல்லை, காவல். மச்சான் பிஸ்மி சொல்லி, சிவப்புக்கும் மேலே, கம்பத்தின் உச்சியில் அதைக் கட்டினார். சோமபால பாஸ் துறையின் அடுத்த முனையில் வேலையாக இருந்தார். சிவப்புக் கொடி பல நாள் சீமெந்துத் தண்ணீர் குடித்து விறைத்துக் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. பச்சைச் சீலை கடற்காற்றில் அழகாகப் பறந்தது. பார்க்கவே மனதுக்குத் தெம்பாக இருந்தது. அன்றைக்கு நான் வழமையைவிடப் பயம் குறைவாகத்தான் கயிறு பிடித்தேன்.

துறையில் மேளம் தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பக்கமாக ஒரு வெள்ளைக் கப்பல் வந்துகொண்டிருந்தது. முன்னால் இழுவைப் படகு. மேல்தட்டில் வரிசையாக நின்ற சனம் என்னைப் பார்த்துக் கை அசைத்தது. எனக்கு அசைக்கக் கை இல்லை. மூன்று இழுப்பு இழுத்தேன். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது, சுகம் என்று. மறுபடியும் மூன்று இழுத்தேன். மறுபடியும் சுகம். பாதி முறுக்கிய மரை ஒன்று அவர் கையில் இருந்திருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல எங்களிடம் சைகை இல்லை. சுகம் என்ற சொல்லை நான் அப்படி ஒருநாளும் வெறுத்ததில்லை. பம்பு சுற்றியவர்களில் ஒருவன் அழத் தொடங்கினான், ஆனால் சக்கரத்தை விடவில்லை. கப்பலின் பக்கம் மதிலாக உயர்ந்து வெயிலை மறைத்தது. மிதவை ஆடியது. தண்ணீர் கப்பலை நோக்கி இழுபட, கயிறும் கூடவே இழுபட்டு விறைத்தது. நான் இழுத்தேன், அசையவில்லை. ராத்தா, ராத்தா என்றுதான் என் வாயில் வந்தது, கலிமாகூட வரவில்லை.

யாரும் கூப்பிடவில்லை. துறையில் நின்ற நம்முடைய ஆட்கள் கயிறு விறைத்ததைக் கண்டார்கள். அவ்வளவுதான். சவளைப் போட்டுவிட்டு மிதவைக்குப் பாய்ந்து எனக்குப் பின்னால் கயிற்றில் கை வைத்தார்கள். அன்றைக்குப் பாட்டுப் பாடவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும்தான். அதே நேரம் சோமபால பாஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கம்பத்திலிருந்து பச்சையைப் பிடுங்கிச் சிவப்பை உதறி விரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு கத்தினார். இழுவைப் படகு ஊளையிட்டது. கப்பல் எங்களை இடிக்காமல் எட்ட நின்றது. ஒரு சப்பாத்து இல்லாமல் மச்சான் மேலே வந்து மிதவையில் விழுந்தார். நான் கயிற்றை இன்னும் விடவில்லை, தொப்பியை வேறு ஒருவன்தான் திருகிக் கழற்றினான். மச்சான் வெயிலைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் சொன்னார்: “திடீரெண்டு இருட்டிச்சி. மழ வரப்போகுது எண்டு நெனச்சிட்டன்.”

திறந்த ஜன்னல்

சோமபால பாஸ் ஏசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பச்சைச் சீலையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு, யார் தந்தது என்று கேட்டார். சொன்னோம். மிதவைத் தண்ணீரில் நனைந்திருந்த சீலையைப் பிழிந்து, உதறி, நாலாக மடித்து மச்சானிடம் இரண்டு கையாலும் நீட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: “நல்ல சாமான். ஆனா கப்பல் ஓட்டுறவனுக்கு உங்கட ராத்தாவத் தெரியாது.”

அடுத்த லீவுக்குப் போகும் பஸ்ஸில் மச்சானும் நானும் பேசி வைத்துக்கொண்டோம். கப்பல் வந்ததையும் தப்பியதையும் எப்படியும் ஊர் சொல்லிவிடும். ஏன் வந்தது என்பதை மட்டும் நாங்கள் சொல்வதில்லை. ராத்தா முழுவதையும் கேட்டாள். அழுதாள். மச்சானின் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், இத்தனை காலமும் பூட்டிக் கிடந்த கடல் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். காற்று உள்ளே வந்தது. திரும்பி என்னைப் பார்த்து, முகமெல்லாம் தெளிந்து சொன்னாள்: “பாத்தியா தம்பி? நான் குடுத்த காவல் மட்டும் இல்லாட்டி இண்டைக்கு நான் மாப்பிள்ளய இழந்து இத்தாவில குந்தியிருப்பன்.”

நான் கோழியைப் பார்த்தேன். மச்சானும் அதே கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சீலையை எந்தக் கப்பல்காரனுக்கும் தெரியாமல் உடுப்புக்குள்ளே இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். நான் அதற்கு மேலே கயிற்றைக் கட்டினேன்.

இறங்குதுறை நீண்டு முடியும்வரை ராத்தா ஜன்னலைத் திறந்துவைத்து நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்கும் சேர்த்துப் பயப்படுவது கயிறு பிடிக்கிறவனின் வேலையில் சேர்ந்துகொண்டது.