ஜெபராஜ் அண்ணனின் சிவப்புக் கிளிப்

செய்தி கம்பெனி பஸ்ஸில் வந்தது. ஒரகடம் மேம்பாலத்துக்கு அருகே நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது முன்சீட்டுக்காரர் கைபேசியிலிருந்து நிமிர்ந்தார். "மெயின்டனன்ஸ் ஜெபராஜ் தவறிட்டாராம். நெஞ்சுவலி. காலை ஷிப்ட்லதான்." வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் இல்லாத மழைக்காலம் ஒன்றை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபராஜ் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். மீன்பிடிக் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர், வேறோர் ஆலையில் சில காலம் இருந்துவிட்டு எங்கள் ஆலையின் பராமரிப்புப் பிரிவிலேயே தங்கிவிட்டார். நான் அதே ஆலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். படப்பையில் எங்கள் தெருவிலேயே அவரும் மனைவி ரோஸ்லின் அக்காவும் குடியிருந்தார்கள். "கடலுக்குப் பயந்துதான் தங்கச்சி இங்க ஓடியாந்தேன். அது பின்னாடியே வந்துட்டு" என்பார், தெருவில் தண்ணீர் ஏறும்போதெல்லாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த காட்சி. எங்கள் ஆலையில், பழுது பார்க்க இயந்திரத்துக்குள் கை விடுபவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தித் தம் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவி அவரிடமே இருக்கும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். அன்று ஜெபராஜ் அண்ணன் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தார். உற்பத்தி லைன் நிற்கிறதே என்று சூப்பர்வைசர் பூட்டை வெட்ட ஆள் கூப்பிட்டார். ஓடி வந்த அண்ணன் சொன்னார்: "பூட்டு தொங்குச்சுன்னா என் கை உள்ள இருக்குன்னு அர்த்தம் சார். நான் டீக்கடையில நின்னாலும் கை உள்ளதான் இருக்கு." சாவியைப் போடும் முன், "யாரு கையும் உள்ள இல்லையே?" என்று உரக்கக் கேட்டார். பதில் வந்த பிறகே திறந்தார். அவருடைய முந்தைய ஆலையில் ஒருவர் கை இயந்திரத்தில் சிக்கியதை நேரில் பார்த்தவர் என்று பிறகு அறிந்தேன். அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஒரு மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் தெருச் சங்கம் ஒரு சிறு ஃபைபர் படகும், அதற்கு ஒரு பழைய மோட்டாரும் வாங்கியது. கயிறு இழுத்துக் கிளப்பும் மோட்டார். அதைத் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்மில் மாட்டி ஞாயிற்றுக்கிழமை சோதித்தார்கள். கிளம்பவில்லை. தெருவே கை வைத்தது. ஒருவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தார், ஒருவர் பெட்ரோலை மாற்றினார், ஷேர் ஆட்டோ ஓட்டும் முனுசாமி அண்ணன் சோக்கை இழுத்துவிட்டார். திடீரென்று கிளம்பியது. கைதட்டினோம். மறுநாள் மறுபடி கிளம்பவில்லை.

"நேத்து இன்னா பண்ணோம்னே தெர்லயேப்பா!" என்றார் முனுசாமி அண்ணன்.

"எல்லாரும் சேந்து வைத்தியம் பாத்தா எந்த மருந்து கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார் ஜெபராஜ் அண்ணன். "ஒண்ண மாத்து. ஒரு தடவ இழு. பெறவு அடுத்தது."

அப்படியே செய்தார். எண்ணெய் கலந்த பெட்ரோலைப் புதிதாக ஊற்றி இழுத்தார். டேங்க் மூடியில் காற்றுக்கான திருகைத் தளர்த்தி இழுத்தார். கிளம்பி, இருமி, நின்றது. பெட்ரோல் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பு எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படவில்லை. அதில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தது. வேறு பல்பு மாட்டியதும் மோட்டார் சரியாக ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கு முன்னும், "யாரு கையும் உள்ள இல்லையே?" என்று கேட்க மறக்கவில்லை. "டிரம்முக்குள்ள யார் கைய வுடப் போறான்!" என்று தெரு கேலி செய்தது.

அடுத்த மழையில் அப்பாவை அந்தப் படகில் ஏற்றினோம். பிரதான சாலை வரைக்கும்தான் தூரம். ஆனால் வழி முழுக்க நான் அப்பாவின் தோளை விடவே இல்லை. அப்பா மட்டும் நிதானமாக இருந்தார். "இன்னாப்பா ஜெபராஜு, உங்க கம்பெனி பஸ்ஸ விட இது சீக்கிரமாப் போவுதே!"

"இதுல ஓவர்டைம் கெடையாதுல்லா சார்" என்றார் அவர்.

அந்த மோட்டாரில் ஒரு சிவப்புச் சுருள் கயிறும் அதன் நுனியில் ஒரு கிளிப்பும் உண்டு. ஓட்டுபவர் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்வார். அவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று மோட்டார் நின்றுவிடும். கிளிப் இல்லாமல் பிளக்கில் தீப்பொறியே வராது. ஓட்டி முடித்ததும் அண்ணன் அதைக் கழற்றித் தம் அடையாள அட்டையோடு கோத்துக்கொள்வார். தெருப் பிள்ளைகள் படகில் ஏறி விளையாடுகிறார்களே என்ற கவலை. ஆலையின் பழக்கம் அது. எங்களில் யாரும் அதைப் பெரிதாகக் கவனித்ததில்லை.

அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். ரோஸ்லின் அக்காவும் அங்கேயே இருந்தார். அடுத்த வாரம் மழை அறிவிப்பு வந்தது. முனுசாமி அண்ணன் மோட்டாரை டிரம்மில் மாட்டினார். ஒன்றை மாற்றி, ஒரு முறை இழுத்து, வரிசையாகப் பார்த்தோம். பெட்ரோல், திருகு, பல்பு எல்லாம் சரி. பிளக்கைக் கழற்றினால் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. அப்போதுதான் கிளிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"கிளிப்புக்குப் போற ஒயர வெட்டிட்டா ஸ்டார்ட் ஆயிடும்மா" என்றார் முனுசாமி அண்ணன். "அவரு வரமாட்டாரு. மழ நமக்கோசரம் நிக்குமா?"

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் அப்பாவுக்கு டயாலிசிஸ். வெட்டுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் வாயில் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா தடுத்தார். "வெட்டாத முனுசாமி. நாளைக்கு ஓட்டறவன் தண்ணியில வுழுந்தா அத எவன் நிறுத்துவான்? ஜெபராஜு பூட்டிட்டுப் போயிருக்கான். அவன் வூட்டுக்காரம்மாவக் கேளு."

கேட்கத் தயங்கித்தான் அழைத்தேன். அக்கா சொன்னார்: "அவுக கழுத்துலேருந்து அட்டையோட நாந்தான் கழத்துனேன். என்னன்னு தெரியாமலே கையில வச்சிருக்கேன். கூரியர்ல போட மனசு வரல. நானே வாரேன்."

இரவுப் பேருந்தில் கிளம்பி விடிந்ததும் வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் நேராக டிரம்முக்குப் போனார். தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. நான் காட்டிய இடத்தில் கிளிப்பைப் பொருத்தினார். அண்ணன் செய்வதைப் பார்த்த பழக்கத்தில் பல்பைக் கெட்டியாகும் வரை அமுக்கினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு கையும் உள்ள இல்லையே?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "இல்லக்கா" என்றோம்.

இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. நீலப் புகை தெருவில் பரவியது. அக்கா அதன் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டுக் கிளிப்பை உருவினார். சத்தம் நின்றது. அதை என் அடையாள அட்டையின் நாடாவில் கோத்துவிட்டார். "தண்ணி ஏறுனா ஓட்டுங்க. முடிஞ்சதும் கழத்திருங்க."

சற்று நேரத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது; அப்பா அன்று படகில்தான் போனார், படகில்தான் திரும்பினார். மழை இன்னும் விடவில்லை. எழுதும்போதும் எழுந்து எழுந்து தெருவைப் பார்க்கிறேன். கழுத்தில் அந்தச் சிவப்புக் கயிறு கிடக்கிறது.

அண்ணே, பார்த்துவிட்டேன். உள்ளே யாருடைய கையும் இல்லை, உங்களுடையதும் இல்லை. நீங்கள் போய் வாருங்கள்.