கரியாலூர் பஸ்ஸில் முதல் பாடம்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்து டீக்கடையில் அடிபட்ட பேச்சு இது: ஸ்கேன் படிக்க வந்த டாக்டர்களை மலைக்குக் கூட்டிப்போய், வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, பாத்ரூம் போகவிடாமல் பஸ்ஸில் இறக்குகிறார்களாம். ஏதோ தண்டனையாம். விசாரித்தால், தண்டனை என்பது மட்டும்தான் பொய்.

செய்தவர் டாக்டர் நர்மதா, ரேடியாலஜி பேராசிரியர். பி.ஜி. மாணவர்களுக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டம் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. எக்ஸ்ரே இயற்பியலில் தொடங்கி எம்.ஆர்.ஐ.யில் முடியும்படி, எல்லாரையும்போலத்தான் எழுதினார்.

முடித்த அன்று, மலை ஊரான கரியாலூரிலிருந்து பச்சையம்மாள் அடிவயிற்று ஸ்கேனுக்கு வந்தார். அதற்கு நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். டவுன் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதென்று மலையிலேயே குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். அத்தனை வளைவையும் பல்லைக் கடித்துத் தாண்டியவர், ஸ்கேன் வரிசையில் அடக்க முடியாமல் தோற்றுப்போனார்.

"படம் சரியா வராதும்மா, இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார் மாணவர் வெற்றிசெல்வன்.

நர்மதா பாடத்திட்டத்தின் உச்சியில் புதிதாக ஒரு பாடத்தை ஏற்றினார்: மாணவர்கள் கரியாலூரில் தண்ணீர் குடித்து, பஸ்ஸில் வந்து, தாங்களே ஸ்கேன் மேசையில் படுக்க வேண்டும்.

பாடத்திட்டக் குழுத் தலைவர் ராஜதுரை சிவப்புப் பேனாவைத் திறந்தார். "இது பாடமா, ராகிங்கா?"

"ஒரு தடவ நேர்ல பாத்துட்டு அந்த வரிய அடிங்க சார்."

அந்த வரி போய்விட்டால் பச்சையம்மாளுக்கு அந்தப் பாடத்திட்டத்தில் வேறு இடமே இல்லை.

மறுவாரம் மாணவர்களோடு நர்மதாவும் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கரியாலூரில் பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் பச்சையம்மாள், மலைத் தண்ணீரை இந்த முறை பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா டாக்டரே, மூஞ்சி இப்டி போவுது? இன்னும் மலை எறங்கி வடக்கனந்தலே வரல."

"பேச வைக்காதீங்கம்மா" என்றார் வெற்றிசெல்வன்.

"பேசலாம். சிரிச்சா அவ்ளோதான்."

ஸ்கேன் அறையில், பேனாவோடு வந்திருந்த ராஜதுரை முன்னால் வெற்றிசெல்வன் படுத்தார். சக மாணவி கவியா கருவியை அடிவயிற்றில் வைத்தார். திரையில் கறுத்த ஏரியாய் நீர்ப்பை.

"நீரோட்டம் தெரிய கலர் போடு. கைய ஆட்டாத. காத்திரு" என்றார் நர்மதா.

ஒன்றுமில்லை. பேனா அசைந்தது. அப்போது ஏரியின் அடியிலிருந்து ஒரு செந்தழல் சீறி எழுந்து மறைந்தது. சற்றுப் பொறுத்து மறுபக்கத்திலிருந்து இன்னொன்று. சிறுநீரகங்கள் மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தன. கரியாலூரில் குடித்த தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"இது என்னுதா மேடம்?"

எத்தனையோ முறை பார்த்த நர்மதாவே தன் அவசரத்தை மறந்து நின்றார்.

"சார், எழுந்துக்கட்டுமா? முடியல."

"இருப்பா. இன்னும் ஒண்ணு வரட்டும்" என்றார் ராஜதுரை. பேனா எப்போதோ பைக்குள் போயிருந்தது.

அந்த வரி பாடத்திட்டத்தில் நிலைத்தது. அன்றே பச்சையம்மாளையும் வெற்றிசெல்வன்தான் ஸ்கேன் செய்தார். திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. வயிற்றில் பூசிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரிடம் அந்தத் தழலைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"எனக்கும் அந்த மாரி வருமா?"

"வருதும்மா. அடுத்த தடவ காட்டுறேன்."

ஸ்கேனில் கோளாறு ஏதுமில்லை. மறுபடி வரவேண்டிய தேவையுமில்லை. புது மாணவர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு மலைப் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் பச்சையம்மாள் மட்டும் கேட்கிறார்: "எனக்கு எப்ப காட்டப் போறீங்க?"