அண்ணன் குடிக்கவில்லை

திருச்சுழி சாலையோரக் கருவேலங்காட்டுக்குள் முன்சக்கரம் இறங்கி நின்ற லோடு வேன் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பொழுது மசங்கிய நேரம். காயமில்லாமல் தப்பிய அண்ணன் கதவைப் பிடித்தபடி, "ரோடு தெரியலப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அப்பா அவன் வாயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடிச்சுப்புட்டு ஓட்டினா ரோடு எப்படிலே தெரியும்?" என்றார். காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்தவர். மகன் டிரைவரானதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவர். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். எட்டு வருடம்.

அண்ணனுக்கு வேலை போனது. பகலில் நன்றாக நடமாடினான் என்பதால், இருட்டினால் தடுமாறுகிறான் என்பதை யாரும் நம்பவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

நான் படித்து மதுரையில் ஒரு கண் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். பரம்பரைக் கண் நோய்களைக் கண்டறியும் சில்லு ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தோம். நகம் அளவுக் கண்ணாடித் துண்டு. ரத்தத்திலிருந்து பிரித்த மரபணுவை அதன்மேல் விடுவோம். நோய்க்குக் காரணமான பிழை அதில் இருந்தால், அதற்கு இணையாகச் சில்லில் பதித்திருக்கும் மரபணு இழையோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும், அதில் பாயும் ஒளியின் நிறம் மயிரிழை அளவு மாறும். நம் கண்ணுக்குப் புலப்படாத அந்த மாற்றம் திரையில் கோடாக எழும்.

ஊருக்குப் போனபோது அண்ணனிடம் எடுத்துவந்த ரத்தத்துக்கு அந்தக் கோடு எழுந்தது. ஊரே பார்க்க மறுத்ததை ஒரு துளி வெளிச்சம் பார்த்துவிட்டதே! வழக்கமான மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது. போனில் சொன்னேன். வைத்தியம் உண்டா என்று அவன் கேட்கவில்லை. "அப்ப நான் குடிக்கலைன்னு அது சொல்லுதா பாப்பா? அப்பாட்ட வந்து சொல்லு" என்றான்.

மறுநாள் காலையிலேயே அருப்புக்கோட்டை பஸ் ஏறி, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்: "அண்ணன் அன்னைக்குக் குடிக்கலப்பா. இருட்டுல கண்ணு தெரியாத நோய் இது, பிறவியிலேயே வந்தது. பாதி உங்ககிட்ட இருந்து, பாதி அம்மாகிட்ட இருந்து. சொந்தத்துல கட்டுனதால ரெண்டு பேருக்குள்ளயும் இருந்திருக்கு. உங்க கண்ணை ஒண்ணும் செய்யல. அவனுக்கு ரெண்டும் சேந்துபோச்சு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் குடுத்ததுக்கா அவனை வைதேன்?"

எழுந்து, அண்ணன் உட்கார்ந்திருந்த முற்றத்துக்குப் போனார். அண்ணனுக்கு அப்போது நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும். அந்த வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு அப்பா கேட்டார்: "சாப்பிட்டியாப்பா?"