ஹெட்விகாவின் பிராகாக்காரன்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றுகிறாள் ஹெட்விகா. ஒரு கையில் சிவப்பு பெயின்ட் டப்பா, இன்னொரு கையில் பிரஷ். தலை கிறுகிறுக்கும்வரை சுற்றிவிட்டு நிற்கிறாள். பிறகு கண்ணைத் திறந்து, பிறந்ததிலிருந்து பார்த்த காட்டை இன்றைக்குத்தான் பார்ப்பவள் போல மிரள மிரள விழிக்கிறாள். பீச் மரங்களுக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரியும் இடம் அது.

"நான் பிராகாக்காரன். காலுல புது ஷூ. மேப்பைக் காருலயே விட்டுட்டு வந்துட்டேன். இப்ப எந்தப் பக்கம் போவேன்?"

"பேசாம பிராகாவுக்கே போயிடு" என்பேன் நான். எங்கள் செக் நாட்டுத் தலைநகரம் அது, காடு தெரியாத ஆட்கள் கிளம்பி வரும் ஊர்.

"விளையாடாதீங்க அண்ணி. அதோ, இடது பக்கம் கிளம்பிட்டான் பாருங்க. இறக்கத்தைக் கண்டா போதும், அந்த ஆளு காலு தானா உருளும். அந்த மரத்துல ஒண்ணு போட்டாத்தான் திரும்பி வருவான்."

நான் போய் மரப்பட்டையைக் கம்பி பிரஷால் தேய்த்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வெள்ளைக் கோடு போடுவேன். அது காய்ந்ததும் அவள் நடுவில் சிவப்பை இழுப்பாள். எங்கள் மலைகளில் நடைபாதைக்கு இந்தக் கோடுதான் வழிகாட்டி. ஒரு கோட்டின் அருகில் நின்றால் அடுத்த கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளை என் வேலை, சிவப்பு அவளுடையது. ஒருநாள் பிரஷை மாற்றிக்கொள்ளலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, சாயங்காலம்வரை அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் தவித்தேன்.

ஹெட்விகா என் கணவரின் தங்கை. வாரநாளில் பள்ளிக்கூடச் சமையலறையில் குழம்பு கிண்டுகிறாள், சனி ஞாயிறு மலையேறுகிறாள். இதற்குச் சம்பளம் கிடையாது, நடைபயணச் சங்கம் பெயின்ட் மட்டும் கொடுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அவள் நகக்கண்ணில் சிவப்பு போகாது. உணவு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, யாரை வெட்டினீர்கள் என்று கேட்பார்கள். "தட்டுல மிச்சம் வச்சவனை" என்பாள், கரண்டியை ஓங்கிக்கொண்டே.

மரங்களில் அவளுக்கு வேண்டியவை, வேண்டாதவை உண்டு. பிர்ச் மரத்தை நம்ப மாட்டாள், அது தோலை உரித்துப் போட்டுவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தின் மேல் கோபமே உண்டு. வண்டு விழுந்தால் வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், கோடும் சேர்ந்து போகிறது. ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மரலாரி ஒன்று எங்களைக் கடந்து போனது. அடுக்கிய கட்டைகளில் ஒன்றின் மேல் அவள் போட்ட கோடு. ஊருக்குப் போகிற சொந்தக்காரருக்குக் காட்டுவதுபோல, லாரி வளைவில் மறையும்வரை கையை ஆட்டினாள்.

காட்டில் இப்படி இருப்பவள், டவுனில் புதிதாகத் திறந்த சூப்பர்மார்க்கெட்டில் வெளியே வர வழி தெரியாமல் பிஸ்கட் அலமாரிக்கு முன்னால் திருதிருவென நிற்பாள். நான்தான் போய் அழைத்து வர வேண்டும். யாரிடமாவது கேட்கக் கூடாதா என்றால் முகம் சுண்டிப்போகும். "வழி கேக்க வேண்டி வந்தா, அது வழி போட்டவன் தப்பு" என்பாள். அவளுக்கு வேதம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அதனால்தான் போன வசந்தத்தில் சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளரிடமிருந்து வந்த போன் அவளைப் படுக்கவைத்துவிட்டது. புல்வெளி மேட்டில் ஆட்கள் வழி தவறுகிறார்களாம். ஒரு கணவனும் மனைவியும் கடைசிப் பேருந்தைக் கோட்டைவிட்டுவிட்டுப் புகார் எழுதியிருக்கிறார்களாம். இப்படியே போனால் சிவப்புப் பாதையை மேட்டிலிருந்து எடுத்து, கீழே வனத்துறையின் தார் ரோட்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.

அந்தப் புல்வெளி மேடு அவளுக்கு உயிர். ஜூன் மாதத்தில் ஆர்க்கிட் பூத்துக் கிடக்கும். ஒரு பக்கம் எங்கள் குன்றுகள், மறு பக்கம் ஸ்லோவாக்கியாவின் குன்றுகள். அதை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் கோடு போடு என்றால் அவள் பிரஷைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். பிரஷ் இல்லாத ஹெட்விகாவை வீட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

அடுத்த நாளே மேட்டுக்குப் போனோம். பாதை பிரியும் இடத்தில் நிற்கும் காட்டுப் பேரிக்காய் மரத்தில் கோட்டைக் காணோம். பட்டை சுரண்டப்பட்டிருந்தது. "மான் வேலை" என்று சொல்லிப் புதிதாகப் போட்டாள். சில வாரம் கழித்துப் போனால் அதுவும் இல்லை. "மரங்கொத்தி" என்றாள். மூன்றாவது முறை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, வெள்ளை மலிவு சரக்கா?"

"நீ வாங்கித் தந்த டப்பாதான்டி அது!"

மான், மரங்கொத்தி, நான் என்று மூன்று பேரும் தப்பித்த பிறகுதான் அவளுக்குத் தன் பழைய வித்தை நினைவுக்கு வந்தது. மரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். கண்ணைத் திறந்தாள். "நான் பிராகாக்காரன். இங்க கோடு இல்ல. எங்க போவேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, கால் போன போக்கில் இறக்கத்தில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். பாதை ப்ளம் தோப்புக்குள் நுழைந்து, வளைந்து, பொஹூமில் வீட்டு முற்றத்தில் போய் முடிந்தது.

பொஹூமில் எங்களைவிட மூத்தவர். மனைவி ஆனெஷ்கா இறந்துபோனதிலிருந்து அந்தத் தோப்பில் தனி ஆள். முற்றத்து மேசையில் புது மெழுகுத்துணி விரித்திருந்தது. அதன் மேல் கவிழ்த்துவைத்த சின்னச் சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், ஒரு பாட்டில் ப்ளம் சாராயம், துணி போட்டு மூடிய கசகசா ரொட்டி. பெஞ்சு வீட்டைப் பார்த்துப் போடப்படவில்லை, தோப்புப் பாதையைப் பார்த்துப் போட்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து அவர் குரல்தான் முதலில் வந்தது.

"வழி தவறிட்டீங்களா? அடடா! பரவாயில்ல, வாங்க, வாங்க, உக்காருங்க!"

அந்தக் குரலில் அப்படி ஒரு குதூகலம். முகம் வெளியே வந்து, எங்களைப் பார்த்ததும் அணைந்துபோனது. ஹெட்விகா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அவர் நகக்கண்ணிலும் சிவப்பு.

"கிளை கத்தரிக்கிற கத்தியாலயா சுரண்டுறீங்க?" என்றாள்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகல. மேலாகத்தான்."

"மரத்தை யாரு கேட்டா? பாதையே போகப் போகுது! தார் ரோட்டுக்கு மாத்துறாங்களாம். அப்புறம் யாரு வருவா உங்க மேட்டுக்கு? கழுதை கூட வராது!"

பொஹூமில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாதை போகும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மேட்டைக் கை காட்டினார்.

"அவ இருந்தவரைக்கும் அங்க யாரு போறா வர்றான்னு நான் பார்த்ததே இல்ல. இப்ப சனிக்கிழமையானா தலைதலையாத் தெரியுது. சிரிச்சுக்கிட்டுப் போறாங்க. ஒருத்தர் இறங்கி வர்றதில்ல. ஏன் வரணும்? நீதான் ஒரு அடி பிசகாமக் கோடு போட்டு வச்சிருக்கியே."

நான் அவளைப் பார்த்தேன். வாழ்நாளில் அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது, அவள் முகமோ அறை வாங்கியதுபோல இருந்தது.

"பஸ்ஸை விட்டவங்க ரெண்டு பேரும் இங்கதான் இருந்தாங்களா?" என்றாள்.

"நல்லாப் பாடுனாங்க ஹெட்விகா. அந்தப் பொண்ணுக்கு எங்க பாட்டெல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. நேரம் போனதே தெரியல. பஸ் போயிட்டதும் என் டிராக்டர்லதான் கொண்டுபோய் விட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெட்விகா சிரிக்கவில்லை. முற்றத்து ஓரத்துக்குப் போய் அடிபம்பை நாலு அடி அடித்தாள். தண்ணீர் கொட்டியதும் கையில் ஏந்திக் குடித்தாள். வாயில் வைத்துச் சமையல்காரி போல நிதானமாக ருசி பார்த்து, இன்னொரு கை குடித்தாள்.

"கோடையில வத்துமா அண்ணே?"

"எங்க அப்பா காலத்துலேருந்து வத்துனதில்ல."

"டப்பாவை எடுங்க அண்ணி. பேரிக்காய் மரத்துல முதல்ல கோடு. இந்தத் தடவை யாராவது தொட்டா, கையை உடைச்சுப்புடுவேன்" என்றாள், அவரைப் பார்த்து. அவர் வேகமாகத் தலையாட்டினார்.

மேட்டுக்கு ஏறிக் கோட்டைப் போட்டோம். அது முடிந்தும் அவள் டப்பாவை மூடவில்லை. அதே மரத்தில், கோட்டுக்குக் கீழே, இன்னொரு அடையாளத்துக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள். அதன் மேல் சிவப்பில் ஓர் அரைவட்டம் வரைந்தாள். எங்கள் மலையில் நடக்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். பாதையை விட்டு இந்தப் பக்கம் இறங்கினால் குடிக்க நல்ல தண்ணீர் உண்டு, குடித்துவிட்டு வந்த வழியே திரும்பலாம் என்று பொருள். தோப்பு முனையில் ஒன்று போட்டாள். கடைசியாக பொஹூமில் வீட்டு வாசல் தூணில் ஒன்று.

"மாவட்டத்துல கேட்டா?" என்றேன்.

"வந்து குடிச்சுப் பார்க்கட்டும்."

பொஹூமில் கதவருகே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். ஹெட்விகா பிரஷைத் தூணோரம் வைத்தாள். பத்தடி பின்னால் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலை கிறுகிறுக்கச் சுற்றினாள். நின்று, திறந்து, மிரள மிரள நாலாபக்கமும் பார்த்தாள். கண் தூணில் வந்து நின்றது.

"நான் பிராகாக்காரன்" என்றாள் அவரிடம். "தாகமா இருக்கு." ஈரம் காயாத அரைவட்டத்தைக் கடந்து முற்றத்துக்குள் போய், கவிழ்ந்திருந்த கோப்பைகளில் ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.